மூன்றாம் எண் கல்லும் ஒன்பது பூச்சு சுண்ணாம்பும்

இன்ஜினியர் சோலெதாத் தலியான் எல்லைக் கல்லை நகத்தால் சுரண்டி, சுரண்டியதை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

“சுண்ணாம்பு,” என்றார்.

“வெத்தலை பாக்கு எடுத்துட்டு வரட்டுமா?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஈரப் புல்லில் குப்புறப் படுத்திருந்தார். அவர் தலைக்கு மேல் நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். என் பெயர் தெபான். அளவை நாடாவின் மறுமுனையைப் பிடிப்பது, கம்பு தூக்குவது, வேண்டாத இடத்தில் வாயைத் திறப்பது ஆகிய மூன்றும் என் வேலை. பதினோரு வருஷமாக இப்படித்தான். வயதில் நான் மூத்தவன் என்பதால் என்னை அவர் மனோங் என்பார். மற்ற எல்லாவற்றிலும் அவர் மூத்தவர் என்பதால் நான் அவரை இன்ஜினியர் என்பேன்.

பிணம் விழுந்தால் ஜனங்கள் போலீசைக் கூப்பிடுவார்கள். வேலி நகர்ந்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். பிலிப்பைன்ஸின் இந்தப் பனாய் தீவில் பிணத்தைவிட வேலிதான் அதிகம் விழுகிறது. அதனால் எங்களுக்குப் பிழைப்பு ஓடுகிறது.

இந்த முறை கூப்பிட்டவர் மனாங் ஃபெலிசிங், அதாவது ஃபெலிசிங் அக்கா. ஆற்றோரத்தில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் விதவை, அறுபதை நெருங்குகிறவர். கடையின் உயிர் பின்பக்கத்தில் இருக்கும் செங்கல் அடுப்பில் இருக்கிறது. அதில் வேகும் பான் தெ சால் ரொட்டியைக் காப்பியில் தோய்க்காமல் இந்த ஊரில் ஒருவருக்கும் பொழுது விடியாது. அடுத்த மனை ரோகெலியோ என்ற கப்பல்காரருடையது. இரண்டு வருஷத்துக்கு மேல் கடலில் இருந்தவர். இந்த எண்பத்தேழு மார்ச்சில்தான் திரும்பினார். ஜூன் பிறந்ததும் மூன்று மாடி வீட்டுக்குக் குச்சி அடித்துக் கயிறு கட்டிவிட்டார். அந்தக் கயிறு அடுப்பை ஒன்றரை மீட்டர் தின்றுவிட்டுப் போனது. திங்கட்கிழமை அடுப்பை இடிக்க ஆள் வருகிறது. இன்று சனிக்கிழமை. மூன்று மணிக்கு ஊர்த் தலைவர் கப்பித்தான் எமெதெரியோவின் முன்னால் கடைசி விசாரணை.

“அவன்தான் கல்லை நகத்திட்டான்,” என்பது மனாங் ஃபெலிசிங்கின் கட்சி. “அடுப்பு போச்சுன்னா நானும் போனேன் இன்ஜினியர். அவ்வளவுதான்.”

சந்தேகம் நியாயமானதுதான். மனைக்கு நான்கு மூலை, நான்கு கல். ஒன்றும் இரண்டும் சாலையை அகலப்படுத்தியபோது தாருக்குள் போயின. நான்கை ஆறு கொண்டு போயிற்று. ஊரில் எந்தக் கல் தொலைந்தாலும் தேவாலய முற்றத்தில் அரசாங்கம் நட்ட தாய்க்கல்லிலிருந்து அளந்து கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அந்தத் தாய்க்கல்லையே எழுபத்து நான்கில் யாரோ பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது பாதிரியாரின் ரோஜாத் தொட்டி இருக்கிறது. ஆகவே மிஞ்சிய ஒரே சாட்சி, எழுத்தும் எண்ணும் பொறித்த இந்த மூன்றாம் எண் கல். சாட்சி வாயைத் திறக்கிறதா என்றுதான் இன்ஜினியர் படுத்துக்கொண்டு பார்த்தார்.

ரோகெலியோ கையில் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றார். வெயிலில் வெந்த முகம், சலவை செய்த வெள்ளைச் சட்டை.

“எதுக்கு இன்னொரு சர்வே? எனக்கு ஏற்கெனவே ஒரு ஆள் வந்து சர்வே பண்ணிட்டுப் போயிட்டாரே.”

“உங்களுக்குப் பண்ணினது கட்டடம் எழுப்பற சர்வே,” என்றார் இன்ஜினியர், படுத்தபடியே. “தூண் எங்க வரணும்னு குச்சி அடிக்கறது. கல்லு இருக்கற இடம் சரின்னு நம்பிக்கிட்டு அவர் அங்கேருந்து அளந்தாரு. கல்லு இருக்கற இடம் சரிதானான்னு பாக்கறது வேற சர்வே. அதுக்கு இவ்ளோ அழுக்காகணும்.”

“எல்லாத்துக்கும் அதே முக்காலி, அதே நாடாதானே?”

“கத்திரிக்கோல் கூட ஒண்ணுதான்,” என்றேன். “அதுக்காகத் தையல்காரர்கிட்ட போய் முடி வெட்டிக்குவீங்களா?”

ரோகெலியோ தன் தலையைத் தடவிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அதை யாரோ தையல்காரர்தான் வெட்டியிருந்தார்.

“மனோங், கத்தி,” என்றார் இன்ஜினியர்.

மே மாதம் எங்கள் ஊர்த் திருவிழா. அதற்கு முந்திய வாரம் ஊரே கையில் சுண்ணாம்பு வாளியோடு அலையும். தென்னை மரத்தின் அடி, வாசல் தூண், பாலத்துக் கைப்பிடி, எல்லைக் கல் என்று ஓடாமல் நிற்பதற்கெல்லாம் வெள்ளை அடிப்பார்கள். ஒருமுறை படுத்திருந்த என் மாமனாரின் கட்டிலுக்கும் அடித்தார்கள். மழை பாதியைக் கழுவும், மீதி மேல் அடுத்த வருஷம் அடுத்த பூச்சு ஏறும்.

இன்ஜினியர் கல்லின் வெள்ளையைக் கத்தி முனையால் சின்னச் சதுரமாக வெட்டி எடுத்தார். அதன் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்து எண்ணினார். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் ஒரு வருஷத்து அழுக்குக் கோடாக நின்றது.

“ஒன்பது பூச்சு,” என்றார். பிறகு கல்லின் அடியில் மண்ணை விரலால் தள்ளினார். மண்ணுக்குக் கீழேயும் நான்கு விரற்கடைக்கு வெள்ளை இறங்கியது. அங்கேயும் வெட்டி எடுத்து எண்ணினார். “ஏழு.”

“மண்ணுக்குள்ள போய் யாரு வெள்ளை அடிச்சது?” என்றேன். “மண்புழுவுக்கும் திருவிழாவா?”

“யாரும் அடிக்கல மனோங். ஏழு பூச்சு அடிக்கற வரைக்கும் அந்தப் பகுதி மண்ணுக்கு மேல இருந்திருக்கு. அப்பறம் யாரோ கல்லைப் பெயர்த்து, அவசரத்துல கொஞ்சம் ஆழமா நட்டுட்டாங்க. அதுக்கப்பறம் மேல மட்டும் ரெண்டு பூச்சு ஏறியிருக்கு. போன மாசம் ஒண்ணு, போன வருஷம் ஒண்ணு.”

நான் விரல்விட்டு எண்ணினேன். அப்படியென்றால் எண்பத்தைந்தாம் வருஷத்து வெள்ளை காய்ந்த பிறகு, எண்பத்தாறாம் வருஷத்து வெள்ளைக்கு முன்னால் கல் நகர்ந்திருக்கிறது.

“திரு. ரோகெலியோ, உங்க மாலுமிப் புத்தகத்தைக் கொஞ்சம் காட்டுங்க.”

அவர் முறைத்தார், ஆனால் கொண்டு வந்தார். துறைமுக முத்திரைகள் வரிசையாக இருந்தன. எண்பத்தைந்து ஜனவரியில் ஏறியவர், எண்பத்தேழு மார்ச்சில் இறங்கியிருந்தார். நடுவில் இந்தத் தீவின் மண்ணையே மிதிக்கவில்லை. மூன்று நாளாக நாங்கள் குற்றவாளி என்று வைத்துக்கொண்டிருந்த ஆள் அந்தச் சமயத்தில் ராட்டர்டாமில் கப்பலுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்.

“வாங்கின முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிடலாமா?” என்று காதோரம் கேட்டேன்.

“நகத்தினது யாருன்னு கண்டுபிடிக்க அவங்க நம்மளைக் கூப்பிடல. எங்கேருந்து நகத்தினாங்கன்னு கண்டுபிடிக்கத்தான் கூப்பிட்டாங்க,” என்றார் இன்ஜினியர். “அந்தப் பப்பாளியைப் பாத்தீங்களா?”

பார்க்காமல் எப்படி? கல்லிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, ரோகெலியோ பக்கமாக ஒரு பப்பாளி நின்றது. மனாங் ஃபெலிசிங்தான் ஒரே நாளில் ஐந்து கன்று நட்டாராம். கப்பல்காரர் ஊரில் இல்லாததால் கேட்க ஆளில்லை. நான்கு கன்றுகள் என் தோளளவு நோஞ்சானாக நின்றன. இது ஒன்று மட்டும் கடைக் கூரையைத் தாண்டி, தலைகொள்ளாத காயோடு நின்றது.

இன்ஜினியர் மண் எடுக்கும் துளைக் கம்பியை என்னிடம் கொடுத்தார். நோஞ்சான் மரத்தடியில் முழங்கை ஆழத்துக்கு மேல் கம்பி இறங்க மறுத்தது. தடித்த மரத்தடியில் புட்டுக்குள் இறங்குவது போல் இறங்கிக்கொண்டே போனது. ஆறடிக்கு அப்புறம்தான் கடினமான மண் தட்டியது. சுற்றிச் சுற்றிக் குத்தினோம். வட்டமான குழி. அதன் சரியான நடுவில் பப்பாளி நின்றது.

“எல்லைக் கல்லு நட ரெண்டடி போதும்,” என்றார். “ஆறடி எதுக்கு?”

நான் பதில் சொல்லவில்லை. எனக்குப் பதில் தெரிந்திருந்தது, அதனால்தான் சொல்லவில்லை.

பின்வேலியில் மிஞ்சியிருந்த பழைய சீமை அகத்திக் கழிகள் இரண்டை இன்ஜினியர் கருவியின் கண்ணில் நேராக்கினார். அந்தக் கோடு மூன்றாம் எண் கல்லைச் சட்டை செய்யாமல் போய்ப் பப்பாளியின் அடியைத் தொட்டது. பழைய எல்லை அதுதான். அதன்படி அடுப்பு அரை மீட்டர் தள்ளிப் பத்திரமாக இருந்தது. நான் குதிக்கப் போனேன். இன்ஜினியர் கம்பி நுனியில் ஒட்டி வந்த மேல்மண்ணைத் தாளில் மடித்துப் பையில் போட்டார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

விசாரணை ஊர்க் கூடத்தில் நடந்தது. கப்பித்தான் எமெதெரியோவுக்குப் பெரிய தொப்பை, பெரிய குரல், மடியில் சண்டைச் சேவல். மனாங் ஃபெலிசிங் முதல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்கால ரொட்டி கருகிவிடும் என்று எழுந்து போய்விட்டார்.

இன்ஜினியர் ஒன்பது பூச்சைக் காட்டினார், ஏழு பூச்சைக் காட்டினார், வேலிக் கழிகளின் கோட்டை வரைந்து காட்டினார். ரோகெலியோ தாடையைச் சொறிந்தார்.

“நம்பற மாதிரிதான் இருக்கு. ஆனா கல்லு அங்கதான் இருந்துச்சுன்னு எனக்குக் கண்ணுல காட்டுங்க. காட்டினா நானே கயித்தை அவுத்துடறேன். பக்கத்து வீட்டு அடுப்பை இடிச்சுட்டு நான் எங்க ரொட்டி வாங்கறது?”

“காட்டலாம்,” என்றார் இன்ஜினியர். “கப்பித்தான் அனுமதி குடுத்தா, அந்தப் பப்பாளியை எடுத்துட்டுத் தோண்டிப் பாக்கலாம்.”

“அதெல்லாம் வேணாம்!” கப்பித்தான் குரலில் சேவல் சிலிர்த்தது. “எதுக்கு வீணா முதுகை ஒடிச்சுக்கணும்? அங்க கீழ வெறும் களிமண்ணும் தண்ணியும்தான். ஒரு மண்ணும் கிடையாது!”

தோண்டிப் பார்க்காத ஆளுக்குக் கீழே இருப்பது எப்படித் தெரியும்? யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை, எங்கள் இருவரையும் தவிர. அப்புறம் மெல்ல, மிக மெல்ல, கப்பித்தானுக்கும் உறைத்தது. சேவலின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

“பத்து நிமிஷம் இடைவேளை விடுங்க கப்பித்தான்,” என்றார் இன்ஜினியர் இனிமையாக. “ரொட்டி சாப்பிட்டுட்டு வரலாம். நீங்களும் வாங்க.”

அடுப்படியில் மனாங் ஃபெலிசிங் நீளக் கரண்டியால் ரொட்டித் தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தார். இன்ஜினியர் மாவுப் பலகையில் தாளைப் பிரித்துவைத்தார். சாம்பல், கருகிய கொட்டாங்கச்சித் துண்டு, நகமளவு தீய்ந்த ரொட்டி மேலோடு.

“பப்பாளிக்கு அடியில கிடைச்சது, மனாங்.”

“சாம்பல் எல்லா வீட்லயும் இருக்கு.”

“தீய்ஞ்ச பான் தெ சால் எல்லா வீட்லயும் இருக்காது. ஆறடிக் குழியை மூடினா மழைக்கு மண்ணு உள்வாங்கும். தினமும் பள்ளத்தை நிரப்ப உங்க கைக்குக் கிட்ட இருந்தது அடுப்புச் சாம்பல். கடைசியா மேல பப்பாளி நட்டீங்க. அது பாவம், நன்றியோட வளந்து உங்களைக் காட்டிக் குடுத்துடுச்சு. பட்டப்பகல்ல ஒருத்தரும் பாக்காம ஆறடி தோண்ட முடியற நாள் இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான். திருவிழா அன்னிக்கு, பூசையிலேருந்து ஊர்வலம் திரும்பற வரைக்கும்.”

கரண்டி கீழே விழுந்தது. என் வாயில் இருந்த ரொட்டி பாதியில் நின்றது. எங்களுக்கு வேலை கொடுத்தவரே குற்றவாளி! பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு வழக்கை நான் பார்த்ததில்லை.

“கல்லுல எழுத்து இருந்துச்சே இன்ஜினியர்,” என்றார் மனாங் ஃபெலிசிங். குரல் உடைந்திருந்தது. “எண்ணும் இருந்துச்சே. ஜப்பான்காரன் வச்ச அடையாளம்னு கப்பித்தான் சொன்னாரு.”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உலகப் போர் முடிந்து ஓடும்போது ஜப்பான்காரர்கள் தங்கத்தைப் புதைத்துவிட்டுப் போனார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எழுத்து பொறித்த கல்லைக் கண்டால் கை பரபரக்காத ஆள் எங்களில் குறைவு. அது நில அளவைத் துறையின் கல் என்று விளக்கினால், அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பார்கள் என்று கண்ணைச் சிமிட்டுவார்கள். தேவாலய முற்றத்துத் தாய்க்கல்லுக்கும் அதே கதிதான் நேர்ந்தது. அதைத் தோண்டியது யார் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு அப்போது வேலை இல்லை.

“பேண்டு சத்தம் கேட்டுச்சு,” என்று முனகினார் கப்பித்தான். “ஊர்வலம் திரும்புது. குழியை அவசரமா மூடினோம். கல்லு உருண்டு எங்க கிடந்துச்சோ அங்கயே நட்டுட்டேன். எந்தப் பக்கமா உருண்டுச்சுன்னு யாரு பாத்தா?”

“கல்லு கொஞ்சம் தள்ளி நின்னா என்ன வந்துடப் போகுதுன்னு விட்டுட்டேன், கயிறு கட்டினப்பறம் உண்மையைச் சொல்லப் பயம்,” என்றார் மனாங் ஃபெலிசிங். “எங்க வீட்டுக்காரர் கட்டின அடுப்பு இது. அவர் செத்துப்போன வருஷமே வளைவு விரிசல் விட்டுச்சு. எடுத்துக் கட்ட வழியில்ல. அதுக்காகத்தான் தோண்டினேன், வேற எதுக்கும் இல்ல. அடுப்பைக் காப்பாத்தப் போயி நானே அதுக்குக் குழி வெட்டிட்டேன்.” முந்தானை போல் மடித்திருந்த மாவுத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் தொண்டை அடைத்தது. ரொட்டியும் அதற்கு ஒரு காரணம்.

“பக்கத்து நிலத்தைத் திருடினவங்க நூறு பேரைப் பாத்திருக்கேன்,” என்றார் இன்ஜினியர். “தன் நிலத்தைத் தானே திருடிப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடுத்தவங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

“ஜெயிலா?” என்றார் கப்பித்தான் ஈனஸ்வரத்தில்.

“அரசாங்கக் கல்லைத் தொட்டா ஜெயில்தான். ஆனா நான் போலீஸ் இல்ல. கல்லு இடம் மாறியிருக்கு, பழைய இடம் இதுன்னு நிலம் சொன்னதை எழுதுவேன். யாருன்னு எழுத என் படிவத்துல கட்டம் கிடையாது. யாராவது கேட்டா மறைக்கவும் மாட்டேன்.” பிறகு கப்பித்தானின் தொப்பையை ஏற இறங்கப் பார்த்தார். “ஆனா அந்தப் பப்பாளியை நீங்கதான் வேரோட எடுக்கணும். உங்க கையால.”

நான்கு மணி வெயிலில் கப்பித்தான் தோண்டினார். ஊரே வேடிக்கை பார்த்தது. குழியின் கருப்பு வட்டம் துல்லியமாகத் தெரிந்தது. இன்ஜினியர் நாடாவைப் பிடித்து நடுவைக் குறித்தார். ரோகெலியோ நீண்ட நேரம் பார்த்தார். பிறகு சொன்ன வாக்குப்படி கயிற்றை அவிழ்த்தார். மூன்றாம் எண் கல் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது, சுற்றிலும் ஒரு வாளி சிமென்டோடு.

சிமென்ட் இறுகுவதற்குள் இன்ஜினியர் ஓர் ஆணியைக் கப்பித்தானிடம் நீட்டினார்.

“எழுதுங்க.”

“என்னத்தை?”

“உங்களுக்குத் தெரிஞ்சதை. அடுத்த ஆளு வந்து தோண்டாம இருக்கணும்.”

கப்பித்தான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நாக்கை மடித்துக் கடித்தபடி, ஈரச் சிமென்டில் கோணல் மாணலாக எழுதினார். ரோகெலியோ குனிந்து உரக்கப் படித்தார்.

“‘தோண்டிப் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை.’” அவர் நிமிர்ந்தார். “யாரு தோண்டிப் பாத்தது?”

கப்பித்தான் வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்த்தார். நான் செருப்பு வாரைச் சரி செய்தேன்.

ரோகெலியோ மறுபடி கல்லைப் பார்த்தார், அதன் எழுத்தைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு மினுக்கம் வந்தது. அந்த மினுக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“சரி, எத்தனை அடி வரைக்கும் பாத்தாங்களாம்?”

“ஆறடி,” என்றார் மனாங் ஃபெலிசிங்.

சொன்ன பிறகுதான் கையால் வாயைப் பொத்தினார். கன்னத்தில் ஐந்து விரலும் மாவாகப் பதிந்தன. நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்த இன்ஜினியரின் கை நின்றது. ரோகெலியோ ஒரு வார்த்தை போலீசிடம் சொன்னால் போதும், அடுப்பு இருக்கும், அதை மூட்ட ஆள் இருக்காது.

ரோகெலியோ மனாங் ஃபெலிசிங்கைப் பார்த்தார். குழியின் ஓரத்தில் கிடந்த சாம்பலைப் பார்த்தார். புகைபோக்கியைப் பார்த்தார். தொப்பையோடு மேகம் தேடிக்கொண்டிருந்த கப்பித்தானையும் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நின்று நின்று சிரித்தார்.

“நாளையிலேருந்து தினமும் காலையில பத்து பான் தெ சால்,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “சூடா. நான் மறுபடி கப்பல் ஏறுற வரைக்கும். என் வாய் மூடியிருக்கணும்ல?”

மனாங் ஃபெலிசிங் திரும்பித் தன் அடுப்பைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். மாவுக் கையை இடுப்பில் ஊன்றினார்.

“எட்டு,” என்றார்.